காயாத தொப்புள்

யசோதராவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வீட்டுவேலைக்குக் கிடைக்கிற நாள். மற்ற ஆறு நாளும் விடியற்காலை ரயிலைப் பிடித்து ஒயிட்ஃபீல்டுக்குப் போவாள். அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிறவர்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். நந்திதுர்க் லைன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். புருஷன் கௌதமன் பெங்களூரில் ஓர் அபார்ட்மென்டில் காவல் வேலை பார்த்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவான். அதனால் வீட்டில் பெரும்பாலும் அவளும் மகள் மித்ராவும்தான்.

அந்த ஞாயிறு காலை மித்ராவின் காலேஜ் பையையும் சேர்த்துத் துவைத்துவிடலாம் என்று கவிழ்த்தாள். புத்தகங்களோடு ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது. உள்ளே செய்தித்தாளில் மடித்த பஞ்சு. பிரித்துப் பார்த்தாள். மஞ்சளாக ஊறி, நடுவில் பழுப்பாக ஒரு ரத்தப் பொட்டு இருந்தது. அழுகின வாடை அடித்தது. கூடவே பாதி பிதுக்கிய மருந்து டியூப் ஒன்று.

யசோதரா ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மூன்று மாதமாகப் பார்த்து, பார்க்காததுபோல் விட்டதெல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. மித்ராவின் சுடிதார் டாப்புகளில் வயிற்றுப் பக்கம் மட்டும் வட்டமாக ஒரு கறை, எந்த சோப்புக்கும் போகவில்லை. புத்த பூர்ணிமாவுக்கு விகாரத்துக்குப் போகும்போது வெள்ளைப் புடவை கட்டமாட்டேன் என்று அழுதாள். பத்தொன்பது வயசுப் பெண் புடவைக்கு ஏன் அழவேண்டும்?

கேன்டீனில் சாப்பிட வருகிற பெண்களில் இரண்டொருத்தி தொப்புளில் கல் வைத்த வளையம் குத்தியிருப்பதை யசோதரா பார்த்திருக்கிறாள். சட்டை தூக்கும்போது பளிச்சென்று தெரியும். மித்ராவின் சிநேகிதி ஆனி, இரண்டு வீடு தள்ளியிருக்கும் லாய்ட் - ஐடா தம்பதியின் மகள், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்தாள். காது குத்துவது, மூக்கு குத்துவது அவள் கையில்தான். கணக்கு நேராகிவிட்டதென்று யசோதரா நினைத்தாள்.

மித்ரா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். யசோதரா பஞ்சை அவள் முன்னால் நீட்டினாள்.

"இன்னா இது?"

மித்ராவின் முகம் வெளுத்தது. சீப்பைக் கீழே வைத்தாள்.

"கேக்கறேன்ல. டாப்ப தூக்கு, பாக்கறேன்."

"வேணாம்மா."

யசோதரா கையை நீட்டினாள். மித்ரா அந்தக் கையைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் யசோதராவுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. புடவையை மாற்றாமலே கிளம்பி, லைன் முனையில் ஆட்டோ பிடித்தாள்.

ஞாயிறு என்பதால் பார்லரில் கூட்டம். சாரா என்கிற ஓனரம்மா ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் எதையோ பூசிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒருத்தி தன் மூன்று வயசுக் குழந்தையை மடியில் வைத்து, காது குத்த முறைக்காகக் காத்திருந்தாள். ஆனி ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தவள், யசோதராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க ஆன்ட்டி."

"எம்பொண்ணுக்குத் தொப்புள்ள ஓட்ட போட்டது நீதானே?"

ஆனியின் சிரிப்பு நின்றது. "இன்னா ஆன்ட்டி சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. சீழ் வச்சி நாறிக்கினு கீது. பஞ்சு வச்சி மறச்சிக்கினு காலேஜுக்குப் போறா. நீ கெட்டா கெட்டுப்போ. எம்பொண்ண ஏன்டி கெடுக்கறே?"

சாரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மேடம், இங்க காது மூக்கு மட்டும்தான் குத்தறோம்."

"உங்களுக்குத் தெரியாம குத்திவிட்டுக்கீறா. சுத்தமில்லாத கை."

சாரா ஆனியைப் பார்த்தாள். ஆனி ஈரப் பஞ்சைக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாக, "நான் எதுவும் குத்தல, ஆன்ட்டி" என்றாள்.

"அப்ப அது இன்னாது?"

"அத்த மித்ராவையே கேளுங்க."

அந்தப் பதில் யசோதராவுக்குத் திமிராகப் பட்டது. இன்னும் நாலு வார்த்தை சொன்னாள். ஆனியின் வளர்ப்பைப் பற்றி, ஐடாவைப் பற்றிக்கூடச் சொன்னாள். காது குத்த வந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள். சாரா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே ஆனியை வேலையிலிருந்து நிறுத்தினாள்.

யசோதரா வீடு திரும்பியபோது மித்ரா வாசலிலேயே நின்றாள். ஆனி போன் செய்திருக்கிறாள் என்று தெரிந்தது. அம்மா உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு, டாப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரு. எங்க ஓட்ட இருக்குது, காட்டு."

யசோதரா குனிந்து பார்த்தாள். வளையமும் இல்லை, குத்தின தடமும் இல்லை. தொப்புள் குழியைச் சுற்றித் தோல் சிவந்து வெந்திருந்தது. குழிக்குள்ளிருந்து கலங்கலாக ஒரு சொட்டு ஊறி வந்து நின்றது. மித்ரா அதைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊறியது.

"எத்தன நாளா இப்டி?"

"எட்டாவது படிக்கறப்பவே வந்துச்சு. நின்னுடும், திரும்ப வரும். ஒரு வருஷமா ஜாஸ்தி. காலேஜ் போற ட்ரெயின்ல சீட்டு இருந்தாலும் நான் டோர் கிட்டதான் நிப்பேன். வாடை யாருக்கும் தெரியக்கூடாதுன்னு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னேன். அப்பவே சொன்னேன். நீ இன்னா சொன்னேன்னு உனக்கு ஞாபகமில்ல."

ஞாபகம் இருந்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், குடத்தோடு எல்லோரும் நிற்கும்போது மித்ரா வந்து காதோடு சொன்னாள். யசோதரா காதோடு பதில் சொல்லவில்லை. தொப்புளில் அழுக்கு சேர்த்து வைத்தால் நாறாமல் என்ன செய்யும், ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்கக்கூடத் தெரியாதா என்று உரக்கவே சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"ஆனிக்கு மொதல்லேர்ந்து தெரியும்" என்றாள் மித்ரா. "அவதான் மருந்து வாங்கிக் குடுத்தா. டாக்டர்கிட்ட போ, நானும் வரேன்னு சொல்லிக்கினே இருந்தா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நீ அத்தன பேர் முன்னாடி திட்டறப்பவும் அவ சொல்லல."

அந்த நிமிஷமே யசோதரா திரும்பி ஓடியிருக்கவேண்டும். பார்லர் ஆறு மணிவரை திறந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் காலில் செருப்பை மாட்ட வரவில்லை. முதலில் பெண்ணை டாக்டரிடம் காட்டுவோம், மற்றதெல்லாம் அப்புறம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் மித்ராவைப் படுக்கவைத்து, விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே துடைத்தார். இரண்டு முடி வந்தது.

"இதுக்குப் பல காரணம் இருக்கும்மா" என்றார். "கைக்குழந்தைங்களுக்குன்னா கொடி விழுந்த எடத்துல சின்னதா ஒரு சதைமொட்டு வளர்ந்து கசியும். மருந்து வச்சா காஞ்சிடும். இந்த வயசுல முடி உள்ள சுருண்டு குத்திக்கிட்டு சீழ் வைக்கும். சில பேருக்குப் பொறக்கும்போதே உள்ளேர்ந்து ஒரு குழாய் மூடாம இருந்துடும், குடல்லேர்ந்தோ மூத்திரப்பையிலேர்ந்தோ." யசோதரா பக்கம் திரும்பினார். "சின்னக் குழந்தையா இருக்கும்போது இவளுக்குத் தொப்புள் ஈரமா இருந்துச்சா? கொடி விழுந்த அப்புறமும்?"

"இல்லீங்க" என்றாள் யசோதரா.

சொல் வாயிலிருந்து தானாகவே வந்தது. சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே கேட்டது.

மித்ரா பிறந்து ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போடத் தூக்கிப்போனபோது நடந்தது அது. கொடி எப்போதோ விழுந்துவிட்டது, ஆனால் தொப்புள் காயவில்லை. மாற்றி மாற்றித் துணி வைத்தாலும் நனைந்தது. வரிசையில் இருபது பெண்கள் இருந்தார்கள். ஊசி போடுகிற நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "புள்ளைய இப்படியா வச்சிருப்பாங்க, தொப்புள சுத்தம் பண்ணக்கூடத் தெரியாதா" என்று உரக்கக் கேட்டாள். இருபது பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். யசோதராவுக்கு அப்போது இருபத்துநாலு வயசு. தெரியாத ஆளிடம் அப்படி ஒரு பேச்சு அதுவரை வாங்கினதில்லை. அங்கிருந்த சின்ன வயசு டாக்டர் ஒருவர் மட்டும், பெங்களூரில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிறவர்களிடம் காட்டுங்கள், விட்டுவிடாதீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியிலும் துணியை விலக்கி இதையேதானே கேட்பார்கள் என்று அவள் போகவில்லை. நாலாம் மாதம் ஈரம் தானாக நின்றது. சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். கௌதமனுக்கு அந்தச் சீட்டைப் பற்றித் தெரியவே தெரியாது.

டாக்டர், முடிதான் காரணமாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச்சொன்னார். நிற்காவிட்டால் ஸ்கேன் பார்க்கலாம் என்றார்.

பத்து நாள் ஆகவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் கேன்டீனுக்குப் போன் வந்தது. மித்ரா பாதி வகுப்பில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சல், தொப்புளுக்குக் கீழே கை வைக்க முடியாத வலி, மூத்திரம் போனால் எரிச்சல். யசோதரா ஸ்டேஷனுக்கு ஓடி, கிடைத்த ரயிலில் வந்து சேர்ந்தாள். தொப்புளுக்குக் கீழே தோல் சிவந்து, முட்டையைப் புதைத்து வைத்ததுபோல் வீங்கியிருந்தது.

அதே டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் தொட்டதும் மித்ரா கத்தினாள். டாக்டரின் முகம் மாறியது.

யசோதரா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், அன்னிக்கு நான் சொன்னது பொய். கொழந்தையில ஈரமாத்தான் இருந்துச்சு. மூணு நாலு மாசம். பெங்களூருக்குப் போகச் சொல்லி சீட்டே குடுத்தாங்க. நான் போகல."

அவள் ஒரு திட்டை எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். டாக்டர் பேனாவை எடுத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே ஸ்கேன் எழுதியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். படுக்கையில் கிடந்த மித்ரா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். யசோதராவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஸ்கேனில் தெரிந்தது. தொப்புளிலிருந்து ஒரு குழாய் மூத்திரப்பையை நோக்கி இறங்கியது. நடுவில் சீழ் கட்டியிருந்தது. அன்றே பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கௌதமன் வேலை செய்கிற இடத்திலிருந்து நேராக அங்கே வந்தான். அங்கிருந்த சர்ஜன் கன்னடக்காரர். இவர்களுக்காகத் தமிழும் கன்னடமும் கலந்து, ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார்.

"வயித்துக்குள்ள இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் இந்தக் குழாய் உண்டு. பொறக்கறதுக்குள்ள சுருங்கி, நரம்பு மாதிரி ஆகி மூடிக்கும். இவளுக்கு மூடல. சின்னதுல கசிஞ்சு, அப்புறம் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. அதான் நின்ன மாதிரி இருந்திருக்கு. குளிக்கறதுக்கும் சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யசோதராவுக்கு அது இருபது வருஷம் தாமதமாக வந்ததுபோல் இருந்தது.

இப்போதே வெட்டி எடுக்கமுடியாது என்றார். புண்ணாக இருக்கும்போது கை வைத்தால் பக்கத்திலிருக்கிற குடல், மூத்திரப்பை எல்லாம் அடிபடும். இப்போது சீழை வடித்து, மருந்து கொடுத்து ஆற்றவேண்டும். ஆறு வாரம் கழித்து ஆபரேஷன். குழாயை முழுசாக, மூத்திரப்பையில் அது ஒட்டுகிற இடத்தில் சின்னத் துண்டோடு எடுக்கவேண்டும். மிச்சம் விட்டால் திரும்ப சீழ் வைக்கும், வயசான பிறகு அதிலே கேன்சர்கூட வரலாம் என்றார். கௌதமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்ததும், "சின்னதுல கசிஞ்சதுன்றாரே, எனக்குத் தெரியாதே" என்றான்.

நடைபாதையில் நின்றபடியே யசோதரா அவனிடம் சொன்னாள். சீட்டை அடுப்பில் போட்டது வரைக்கும் சொன்னாள். கௌதமன் டீ வாங்கி வருகிறேன் என்று போனவன், ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான்.

சீழ் வடித்த மூன்றாம் நாள் மித்ராவுக்குக் காய்ச்சல் விட்டது. யசோதரா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்த சீட்டு குடுத்தப்ப நீ ஏம்மா போகல?"

"எல்லார் முன்னாலயும் ஒரு நர்ஸ் சுத்தமா வச்சிக்கத் தெரியாதான்னு கேட்டா. எனக்கு வெக்கமாப் போச்சு."

மித்ரா யோசித்தாள். "நீயும் என்னை எல்லார் முன்னாலயும்தான் கேட்டே."

"ஆமா."

"ஆனியையும்."

"ஆமா."

மித்ரா கஞ்சியைக் கையில் வாங்கித் தானே குடித்தாள்.

ஊருக்குத் திரும்பின முதல் ஞாயிறே யசோதரா பார்லருக்குப் போனாள். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். யாராவது இல்லாத நேரம் வரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்துக்காகவே இன்னும் கூசினாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: ஆனி எதுவும் செய்யவில்லை, என் மகளுக்குப் பிறவியிலேயே உள்ள கோளாறு, நான்தான் தெரியாமல் பழி போட்டேன்.

சாரா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எப்ப தெரிஞ்சுது மேடம், அது குத்தினது இல்லேன்னு?"

"அன்னிக்கே."

"அன்னிக்கா?"

"வீட்டுக்குப் போனதும் தெரிஞ்சுது."

"அன்னிக்கு சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் நான் அவள நிறுத்தினேன்" என்றாள் சாரா. "ஒரு போன் பண்ணியிருந்தா போதும். இப்ப வேற பொண்ணு வந்தாச்சு."

கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடி வழியாகவே யசோதராவைப் பார்த்தார்கள்.

ஐடா வீட்டில் லாய்ட்தான் கதவைத் திறந்தார். ஆனி பெங்களூரில் வேறு பார்லரில் சேர்ந்துவிட்டாள், விடிகாலை ரயிலில் போகிறாள் என்றார். ஐடா உள்ளே இருந்தாள். மிக்ஸி ஓடிய சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

ஒரே ரயில்தான். இந்தச் சில நாளும் ஆனி தன்னைப் பார்த்துவிட்டு வேறு பெட்டியில் ஏறியிருக்கிறாள் என்பது யசோதராவுக்கு அப்போதுதான் புரிந்தது. மறுநாள் பெட்டி பெட்டியாகத் தேடினாள். கடைசிக்கு முந்தின பெட்டியில், ஜன்னலோரம், காதில் இயர்போனோடு ஆனி உட்கார்ந்திருந்தாள். யசோதரா எதிரே போய் நின்றாள். உட்காரவில்லை.

"ஆனி, நான் தப்பு பண்ணிட்டேன்மா."

ஆனி இயர்போனை எடுத்தாள்.

"நீ நல்லதுதான் பண்ணே. உன்னப் போயி அந்த மாதிரி பேசிட்டேன். உங்கம்மாவையும் பேசினேன். அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கினு வரல. உன் வேலையும் போச்சு."

பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். யசோதரா குரலைத் தாழ்த்தவில்லை.

"சுத்தமில்லாத கைன்னு சொன்னீங்க ஆன்ட்டி" என்றாள் ஆனி. "அந்தக் குழந்தையோட வந்தவங்க கேட்டுட்டுப் போனாங்க. இன்னும் நான் காது குத்தற மிஷின கையில எடுத்தா அதான் ஞாபகம் வருது."

"தெரியும்மா."

"தெரியாது" என்றாள் ஆனி, கோபமில்லாமல். "எனக்கு இன்னும் மனசு ஆறல. சும்மா பரவாயில்லேன்னு சொல்லமாட்டேன். மித்ராவப் பாக்க வருவேன். அவளுக்காக வரேன்."

பங்காரபேட்டை ஸ்டேஷனில் கூட்டம் ஏறி இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

ஆறு வாரத்துக்கு இரண்டு நாள் தள்ளி ஆபரேஷன் நடந்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று. சர்ஜன் வெளியே வந்து, குழாயை முழுசாக எடுத்தாயிற்று, மூத்திரப்பையைத் தைத்தாயிற்று, தொப்புளை விட்டுவைத்திருக்கிறோம் என்றார். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க மித்ராவுக்குக் கூச்சமாக இருந்தது. யசோதரா பையைத் தன் கையில் வாங்கி, மறைக்காமல், வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவளோடு நடந்தாள். யாரோ இது எதற்கு என்று கேட்டார்கள். தொப்புளில் பிறவிக் கோளாறு, எடுத்தாயிற்று என்று மித்ரா முந்திக்கொண்டு சொன்னாள். பரிசோதனையில் கெட்டதாக எதுவும் இல்லை என்று சேதி வந்தது.

வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு ஆனி வந்தாள். யசோதராவுக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள். யசோதரா டீ போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நிற்காமல் சமையலறைக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம். "சிரிக்க வைக்காதடி, தையல் இழுக்குது" என்று மித்ரா கெஞ்சுவது கேட்டது.

போகும்போது ஆனி வாசலில் செருப்பு மாட்டினாள். யசோதரா கதவருகே நின்றிருந்தாள்.

"ஐடாக்காவ நான் வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள்.

ஆனி வாரைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா இப்ப பேசமாட்டாங்க ஆன்ட்டி. கிறிஸ்மஸ் போகட்டும்."

"சரிம்மா" என்றாள் யசோதரா. கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.